புரோபயாடிக் பாக்டீரியா குடலின் நோயெதிர்ப்புத் திசுவை எப்படி எட்டுகிறது?

கூடல்வாசி கேட்டது:

அவையோருக்கு வணக்கம். என் தந்தைக்கு 68 வயதாகிறது. நீரிழிவு நெடுநாளாக இருக்கிறது. சென்ற மாதம் காலில் ஏற்பட்ட புண்ணுக்காகப் பத்து நாள்கள் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டார். மாத்திரை தீர்ந்த அன்று மருந்துக் கடைக்குப் போனவரிடம், சீட்டில் இல்லாத புரோபயாடிக், அதாவது நலம் தரும் என்று சொல்லப்படும் உயிருள்ள பாக்டீரியா அடைத்த, கேப்சூல் அட்டைகள் சிலவற்றைக் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியில் எழுபது விழுக்காடு குடலில்தான் இருக்கிறது என்றும், இதை மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டால் புண் விரைவில் ஆறும் என்றும் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போய்விட்டது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். அறிவியல் பள்ளியோடு சரி. ஆகவே என் ஐயங்கள் சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்தருள வேண்டும். வாய்வழியே விழுங்கும் பாக்டீரியா இரைப்பை அமிலத்தைத் தாண்டி உயிரோடு கீழே போகுமா? போனாலும் அது குடல் என்னும் குழாய்க்குள் அல்லவா கிடக்கும். சுவருக்கு அப்பால் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்களை அது எப்படி எட்டும்? அந்த எழுபது விழுக்காடு என்பது எதில் எழுபது விழுக்காடு? நாள்தோறும் வீட்டுத் தயிர் சாப்பிடுகிறவருக்கு இந்தக் கேப்சூல் எதற்கு என்ற கேள்வியும் இருக்கிறது. என் தங்கைக்கு அடுத்த மாதம் பேறுகாலம். பிறக்கப்போகும் குழந்தைக்கும் இதே பாக்டீரியாவைக் கொடுக்கலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அதைப் பற்றியும் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆய்வகத்தான் எழுதியது:

கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் அல்லன் என்பதால் தங்கள் தந்தையார் அந்தக் கேப்சூலைச் சாப்பிடலாமா கூடாதா என்பதற்குள் போக மாட்டேன். சுவருக்கு அப்பால் தகவல் எப்படிப் போகிறது என்று கேட்டீர்களே, அதுதான் இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒற்றை வரிசைச் செல்களால் ஆன ஒரு தோல். மூன்று முதல் ஐந்து நாள்களுக்கு ஒருமுறை அது முழுவதும் உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. அதன் மேல் சளிப் படலம் படிந்திருக்கிறது. அந்த ஒற்றை வரிசைக்கு அடியில், சிறுகுடல் நெடுகிலும், குறிப்பாக அதன் கடைப்பகுதியில், நிணநீர்த் திசு திட்டுத் திட்டாகக் குவிந்து கிடக்கிறது. சுவிட்சர்லாந்தின் உடற்கூறு அறிஞர் யோகான் கொன்ராட் பேயர் 1677-இல் இவற்றை விவரித்து எழுதியதால் பேயர் திட்டுகள் என்று அழைக்கிறோம். அவர் இவற்றைச் செரிமானத்துக்கான சுரப்பிகள் என்றே எண்ணினார். இவை நோயெதிர்ப்பின் உறுப்புகள் என்பது தெளிவாவதற்குப் பல தலைமுறைகள் பிடித்தன.

இந்தத் திட்டுகளை மூடியிருக்கும் தோலில் மட்டும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அங்கே சளி மெலிந்திருக்கும். இடையிடையே எம் செல்கள் எனப்படும் செல்கள் இருக்கும். மற்ற குடற்செல்கள் பாக்டீரியாவை வெளியே நிறுத்தி வைப்பதில் கண்ணாக இருக்க, எம் செல்களோ அவற்றைத் தாமே பிடித்து, உள்ளே இழுத்து, தமக்கு அடியில் காத்திருக்கும் டெண்ட்ரைட்டிக் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களிடம் ஒப்படைக்கின்றன. மதில் எழுப்பியவர்களே அதில் ஒரு சாளரமும் வைத்தது போல என்று வகுப்பில் சொல்வேன். வெளியே யார் உலவுகிறார்கள் என்பதை உடம்பு தெரிந்துகொள்ள விரும்புகிறது. அதற்காகவே இந்த ஏற்பாடு.

டெண்ட்ரைட்டிக் செல் தான் பெற்ற பாக்டீரியாவின் கூறுகளை டி செல்கள் என்னும் வெள்ளணுக்களுக்குக் காட்டுகிறது. அந்தச் சந்திப்பின்போது சூழலில் உள்ள வேதிச் செய்திகளைப் பொறுத்து, டி செல் ஒன்று சண்டைக்கு ஆயத்தமாகும். அல்லது சண்டையை அடக்கும் ஒழுங்குமுறை டி செல்லாக மாறும். அருகிலிருக்கும் பி செல்கள் என்னும் வேறு வகை வெள்ளணுக்கள் ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்பொருளை, அதாவது கிருமியின் மேல் ஒட்டும் புரதத்தைச் செய்யக் கற்றுக்கொள்கின்றன. கற்ற பி செல்கள் அங்கேயே தங்குவதில்லை. குடலை ஒட்டிய நிணநீர்க் கணுக்கள் வழியாகச் சென்று, ரத்தத்தில் கலந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் குடற்சுவருக்கே வந்து நெடுகிலும் குடியேறுகின்றன. பாடம் படித்தது ஓரிடம், வேலை பார்ப்பது ஊரெங்கும். வளர்ந்த மனிதரின் குடலில் இவ்வாறு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 கிராம் ஐ.ஜி.ஏ. சுரக்கிறது; மற்ற எல்லா எதிர்பொருள் வகைகளையும் கூட்டினாலும் இந்த அளவுக்கு வராது. ஐ.ஜி.ஏ. பெரும்பாலும் கொல்வதில்லை, பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு, அது சுவரை நெருங்காமல் பார்த்துக்கொள்கிறது.

எழுபது விழுக்காட்டுக் கணக்கும் இங்கிருந்துதான் பிறக்கிறது. உடம்பில் எதிர்பொருள் சுரக்கும் செல்களை எண்ணினால், அவற்றில் எழுபது, எண்பது விழுக்காடு குடற்சுவரில் இருக்கின்றன. அது செல்களின் தலைக்கணக்கு. அதை "எதிர்ப்புச் சக்தியில் எழுபது விழுக்காடு" என்று மாற்றிச் சொல்வது, ஊரில் உள்ள காவலர்களில் பெரும்பாலோர் நிற்கும் சந்தைத் தெருவில்தான் அரசாங்கமே இருக்கிறது என்று சொல்வதற்கு ஒப்பாகும். எலும்பு மச்சையும் தைமஸ் சுரப்பியும் மண்ணீரலும் இல்லாமல் அந்தக் காவலர்களே இல்லை.

பாக்டீரியா இல்லாமற்போனால் இந்தத் திசு என்னவாகும் என்பது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. பிறப்பிலிருந்தே ஒரு நுண்ணுயிரும் அண்டாமல் வளர்க்கப்படும் எலிகளில் பேயர் திட்டுகள் சிறுத்துக் கிடக்கின்றன, ஐ.ஜி.ஏ. சுரக்கும் செல்கள் மிகக் குறைவு. சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவை அவற்றுக்குள் செலுத்திய சில வாரங்களில் திட்டுகள் பருத்து, ஐ.ஜி.ஏ. ஊறத் தொடங்குகிறது. பாக்டீரியாவின் செல்சுவரிலிருந்து உதிரும் துணுக்குகளைக் குடற்செல்கள் உணர்ந்தாலே சிறு நிணநீர் முடிச்சுகள் உருவாகிவிடும் என்று பாரிஸின் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினர். குளோஸ்டிரிடியா வகையைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள் பெருங்குடலில் ஒழுங்குமுறை டி செல்களைப் பெருக்குகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டனர். நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அவை உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலமே அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது 2013-இல் வெளிவந்த ஆய்வுகளில் தெரியவந்தது. ஆகவே பாக்டீரியா முழுசாகச் சுவரைத் தாண்ட வேண்டிய தேவைகூட இல்லை. அது விடும் பொருள்களே தாண்டிப் போய்ச் செய்தி சொல்லிவிடும்.

ஐயுறவாளன் எழுதியது:

பெரியவரின் விளக்கம் அருமை. ஆனாலும் ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. கூடல்வாசியின் தந்தை எலியும் அல்லர், நுண்ணுயிர் அற்றவரும் அல்லர். அவர் குடலில் ஏற்கெனவே கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மனித உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் வெளியான கணக்கீடு சொல்கிறது. கேப்சூலில் இருப்பதோ ஆயிரம் கோடி என்று வைத்துக்கொள்வோம். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்குதான் தேறும். வெற்றிடத்தில் ஒரு பாக்டீரியா என்ன செய்யும் என்று கண்டறிந்ததை, நெரிசலான குடலில் அதுவே நிகழும் என்பதற்குச் சான்றாகக் காட்ட முடியுமா? மேலும் நீங்கள் சொன்ன குளோஸ்டிரிடியா வகைகள் எந்தக் கடையில் கிடைக்கும் கேப்சூலில் இருக்கின்றன?

ஆய்வகத்தான் எழுதியது:

நியாயமான கேள்வி. அந்தப் பாக்டீரியாக்கள் காற்று இல்லாத இடத்தில் மட்டுமே வளரும் என்பதால் சாதாரணக் கேப்சூல்களில் அவற்றைக் காண முடியாது என்பதை நானே எழுதியிருக்க வேண்டும். குடியிருக்கும் பாக்டீரியா செய்வதையெல்லாம் விருந்தாளிப் பாக்டீரியாவின் கணக்கில் எழுதுவது இந்த வணிகத்தில் நடக்கும் பெரிய ஏமாற்று. அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

ஆனால் உங்கள் வகுத்தலில் ஓர் இடறல் இருக்கிறது. அந்த 38 லட்சம் கோடியும் ஏறக்குறைய முழுவதுமாகப் பெருங்குடலில் இருக்கின்றன. முன்சிறுகுடலில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில ஆயிரம் பாக்டீரியாக்கள்தாம் இருக்கும். கடைச்சிறுகுடலில் கோடியளவில் உயரும். பெருங்குடலுக்குள் நுழைந்த பிறகே அது ஆயிரக்கணக்கான கோடிகளாகப் பெருகும். ஆயிரம் கோடி பாக்டீரியா கொண்ட ஒரு கேப்சூல் பெருங்குடலில் கடலில் கரைத்த பெருங்காயம்; சிறுகுடலைக் கடக்கும் அந்தச் சில மணி நேரத்திலோ அங்குள்ளவர்களை விட வந்தவர்களே மிகுதியாக இருக்கக்கூடும். பேயர் திட்டுகள் இருப்பது சிறுகுடலில் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மனிதரிடமே இது பார்க்கப்பட்டிருக்கிறது. நெதர்லாந்தில் நலமான தன்னார்வலர்களுக்கு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் பாக்டீரியாவைச் சில மணி நேரம் குடிக்கக் கொடுத்து, பிறகு அவர்களின் முன்சிறுகுடலிலிருந்து சிறு திசுத் துணுக்குகளை எடுத்து, எந்தெந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று ஆராய்ந்தார்கள்; 2009-இல் முடிவு வெளியாயிற்று. நோயெதிர்ப்போடு தொடர்புடைய மரபணுக்களின் இயக்கம் உண்மையிலேயே மாறியிருந்தது. அதைவிட வியப்பு என்னவென்றால், ஒரே பாக்டீரியா வேகமாகப் பெருகும் பருவத்தில் கொடுக்கப்பட்டபோது ஒரு விதமாகவும், வளர்ச்சி முடிந்து ஓய்ந்த பருவத்தில் கொடுக்கப்பட்டபோது வேறு விதமாகவும், கொன்று கொடுக்கப்பட்டபோது மற்றொரு விதமாகவும் திசு பதிலளித்தது. ஓய்ந்த பருவத்துப் பாக்டீரியாவைக் கண்டபோது எழுந்த மாற்றம், பகை பாராட்டாமல் பொறுத்துக்கொள்ளும் தன்மையை ஒத்திருந்தது. "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று அட்டையில் அச்சிடுகிறார்களே, அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இது அடங்குமா? ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் குடல் அழற்சி நோய்களும் எதிர்ப்பு மிகையாகிப்போனதால் வருபவை அல்லவா. கூடிக்கொண்டே போவது நன்மை என்று யார் சொன்னது?

ஓர் இனத்துக்குள்ளேயே உள்ள தனித்தனி வகைகளைத் திரிபு என்கிறோம். திரிபுக்குத் திரிபு நடத்தை வேறுபடும் என்பதற்கும் ஒரு சான்று. சுருக்கமாக எல்.ஜி.ஜி. என்று அழைக்கப்படும் திரிபு 1983-இல் அமெரிக்காவில் ஷெர்வுட் கோர்பாக், பேரி கோல்டின் ஆகிய இருவர் ஒரு நலமான மனிதரின் மலத்திலிருந்து பிரித்தெடுத்தது. இதன் உடலில் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் துணையால் குடற்சளியில் பற்றிக்கொள்கிறது. இதே இனத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவான வேறொரு திரிபில் அந்த இழைகளுக்கான மரபணுக்கள் இல்லை என்பது 2009-இல் இரண்டின் மரபணுத் தொகுதிகளையும் ஒப்பிட்டபோது தெரிந்தது. எல்.ஜி.ஜி. வெளிவிடும் புரதம் ஒன்று குடற்செல்களின் ஏற்பி ஒன்றைத் தூண்டி, அவை அழற்சியில் மடியாமல் காக்கிறது என்று செல் வளர்ப்பிலும் எலிகளிலும் காட்டியிருக்கிறார்கள். ஒரு திரிபுக்குக் கிடைத்த நற்சான்றிதழை அதே பெயர் தாங்கிய மற்றொன்றுக்கு ஒட்ட முடியாது.

வந்த விருந்தாளி எவ்வளவு நாள் தங்குகிறது என்பதற்கு வருகிறேன். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பதினொரு திரிபுகள் கொண்ட கலவையை மனிதர்களுக்குக் கொடுத்து, மலத்தோடு நிறுத்தாமல் உள்நோக்கி வழியே குடற்சுவரிலிருந்தும் மாதிரி எடுத்தார்கள். சிலரின் குடற்சுவர் வந்தவற்றுக்கு இடம் கொடுத்தது; சிலரின் குடல் அவற்றை அப்படியே வழியனுப்பிவிட்டது. மலத்தில் பாக்டீரியா தென்பட்டதை வைத்து யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை.

தொட்டில் எழுதியது:

பிறந்த குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றியவள் என்ற முறையில், கூடல்வாசி தங்கையைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன். ஐயுறவாளன் ஐயா கேட்ட "நெரிசலான குடல்" என்ற தடை பச்சிளங்குழந்தைக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறக்கும் குழந்தையின் குடல் ஏறக்குறைய வெற்றிடம். முதல் சில நாள்களில் யார் வந்து குடியேறுகிறார்களோ அவர்களைப் பார்த்தே அந்தத் திசு பழகத் தொடங்குகிறது. அதனால்தான் இந்தத் துறையில் மனிதரிடம் கிடைத்த வலுவான முடிவுகளில் ஒன்று குழந்தைகளிடமிருந்து, அதுவும் நம் நாட்டிலிருந்தே வந்திருக்கிறது.

ஒடிசாவின் கிராமங்களில் பினாகி பாணிகிராகி தலைமையிலான குழு 4,556 பச்சிளங்குழந்தைகளைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2017-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. குழந்தைகள் அனைவரும் குறைந்தது 35 வாரம் கருவில் இருந்தவர்கள். 2 கிலோவுக்குக் குறையாத எடை உள்ளவர்கள். பாதிப் பேருக்கு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரத்தின் ஒரு குறிப்பிட்ட திரிபை, அதற்கு உணவாகும் ஒரு வகைச் சர்க்கரையோடு கலந்து ஏழே நாள்கள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒப்பீட்டுக்காகக் கொடுத்தது பாக்டீரியா இல்லாத வெற்று மருந்து. இரண்டு மாதம் கண்காணித்ததில், ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸ் நோயோ இறப்போ வெற்று மருந்து பெற்றவர்களில் 9.0 விழுக்காட்டினருக்கும், பாக்டீரியா பெற்றவர்களில் 5.4 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. குடலோடு நேரடித் தொடர்பில்லாத நுரையீரல் தொற்றுகளும் குறைந்திருந்தன. தீய கிருமிக்கு இடம் கொடுக்காமல் மறித்ததோடு நில்லாமல் நோயெதிர்ப்புத் திசுவும் பழக்கப்பட்டிருக்கலாம் என்று எண்ணுவதற்கு அது இடமளிக்கிறது. ஆனால் அந்த ஆய்வு திசுவை எடுத்துச் சோதித்ததன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவர்கள் கைக்குக் கிடைத்த பாக்டீரியாவை எடுத்துக் கொடுத்துவிடவில்லை. பச்சிளங்குடலில் நீண்ட நாள் தங்கக்கூடியது எது என்று முன்னதாகவே சோதித்து, 2008-இல் அதை வெளியிட்டு, பிறகுதான் பெரிய ஆய்வுக்குப் போனார்கள்.

வேலூரில் கிடைத்த முடிவு இவ்வளவு தெளிவானதாக இல்லை. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஐந்து வார வயதுள்ள 620 குழந்தைகளிடம், எல்.ஜி.ஜி. திரிபும் துத்தநாகமும் கொடுத்தால் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இன்னும் நன்றாக வேலை செய்யுமா என்று பார்த்தார்கள். வாய்வழித் தடுப்பு மருந்து குடலின் நோயெதிர்ப்புத் திசு வழியாகவே வேலை செய்ய வேண்டும் என்பதால், அந்தத் திசுவின் நிலையை அறிய இதைவிட நேரான சோதனை கிடையாது. இரண்டுமே பெறாத குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேருக்கும், இரண்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ 39 பேருக்கும் தடுப்பு மருந்து பலித்திருந்தது. பாக்டீரியாவின் பங்கை மட்டும் தனியே பிரித்துக் கணக்கிட்டபோதோ, அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டது.

கூடல்வாசி, தங்கையின் குழந்தை நிறைமாதத்தில் நலமாகப் பிறந்தால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லுங்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதைத் தடுத்துவிடுங்கள். தாயின் குடலில் பாடம் படித்த பி செல்கள் பாலூட்டும் காலத்தில் மார்பகத்துக்கும் போய்ச் சேருகின்றன. தாயின் குடல் எந்தெந்தக் கிருமிகளை அறியுமோ அவற்றுக்கான ஐ.ஜி.ஏ. பாலில் வருகிறது. தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. அவை பிஃபிடோபாக்டீரியா என்னும் குடல் பாக்டீரியாவுக்கு உணவாகின்றன. கடையில் வாங்கிச் சொட்டு விடுவதற்கு முன், உடன் பிறக்கும் இந்த ஏற்பாட்டைக் கெடுக்காமல் இருப்பதே பெரிய காரியம்.

குறைமாதக் குழந்தைக்கு மட்டும் யாரும் தாமாக எதையும் கொடுத்துவிட வேண்டாம். அவர்களுக்குக் குடல் அழுகும் நோய் வராமல் தடுக்கப் பல மருத்துவமனைகளில் புரோபயாடிக் கொடுப்பது உண்டு. ஆயினும் அமெரிக்காவில் அப்படிக் கொடுக்கப்பட்ட ஒரு குழந்தை அதே பாக்டீரியா ரத்தத்தில் கலந்து இறந்ததையடுத்து, அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரிக்கை வெளியிட்டது. எது, எவ்வளவு, எப்போது என்பதைக் குழந்தைநல மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நாடி எழுதியது:

நான் பொது மருத்துவன். தந்தையாரை நேரில் பார்க்காமல் மருத்துவம் சொல்வது முறையன்று. பொதுவாகச் சொல்லக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

நீரிழிவு நோயாளியின் கால் புண் ஆறுவதைத் தீர்மானிப்பவை ரத்தச் சர்க்கரையின் கட்டுப்பாடு, காலுக்குப் போகும் ரத்த ஓட்டம், நரம்பின் உணர்வு, புண்ணின் மேல் எடை விழாமல் காப்பது, நாள்தோறும் செய்யும் புண் பராமரிப்பு ஆகியவை. புரோபயாடிக் கேப்சூலுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. மூன்று மாதக் கேப்சூலுக்குச் செலவிடும் பணத்தில் நல்ல காலணி வாங்கிவிடலாம்.

ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதே உடன் கொடுப்பதில் சில பயன்கள் உண்டு. குளோஸ்டிரிடியோய்டஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கைப் பற்றி 31 ஆய்வுகளை, 8,672 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வில், அது புரோபயாடிக் பெற்றவர்களில் 1.5 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 4 விழுக்காட்டினருக்கும் வந்திருந்தது. அந்த ஆபத்து ஏற்கெனவே மிகுந்தவர்களிடம்தான் பயன் தெளிவாகத் தெரிந்தது. ஆன்டிபயாடிக் முடிந்த பிறகு தொடங்குவது வேறு கதை. ஆய்வகத்தான் ஐயா குறிப்பிட்ட அதே வைஸ்மன் நிறுவனத்தார் அதே 2018-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் புரோபயாடிக் சாப்பிட்டவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்புவது, எதுவும் சாப்பிடாதவர்களைக் காட்டிலும் தாமதமாயிற்று. சிறிய ஆய்வுதான், இருந்தாலும், "தீங்கு ஒன்றுமில்லை, சாப்பிட்டு வைக்கலாம்" என்ற பேச்சை அதன் பிறகு நான் நிறுத்திக்கொண்டேன்.

அந்த வருடம் புரோபயாடிக்குக்கு நல்ல வருடமாக இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கோடு அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகளிடம், அமெரிக்காவில் எல்.ஜி.ஜி. திரிபையும் கனடாவில் வேறொரு கலவையையும் கொடுத்து நடத்தப்பட்ட இரண்டு பெரிய ஆய்வுகளும் வெற்று மருந்தைவிடச் சிறந்த பலன் இல்லை என்றே முடிந்தன.

மிகவும் நலிந்த நோயாளிகளிடம் இது விளையாட்டன்று. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி உற்றவர்களுக்குப் புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் லான்செட் இதழில் வெளியானது. பாக்டீரியா பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரும், வெற்று மருந்து பெற்றவர்களில் 6 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனவர்கள் ஒன்பது பேர், அனைவரும் பாக்டீரியா பெற்ற அணியில். சாக்கரோமைசஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட், பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக்கால் சாகாது என்ற வசதியால் நிறைய எழுதப்படுகிறது. ஆனால் கழுத்து நாளத்தில் குழாய் பொருத்தியிருக்கும் நோயாளியின் அருகில் அதன் பொட்டலத்தைப் பிரிப்பதே ஆபத்து, ஏனெனில் அது ரத்தத்தில் கலந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. தந்தையார் அந்த நிலையில் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் சீட்டு எழுதியவரிடம் அட்டையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

வெண்தயிர் எழுதியது:

தயிரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று இதை எழுதுகிறேன். பால் பதனிடும் துறையில் வேலை பார்த்திருக்கிறேன்.

உறை மோர் ஊற்றித் தோய்க்கும் வீட்டுத் தயிரில் பாக்டீரியா கோடிக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் அதில் இன்ன திரிபு, இன்ன அளவு என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வீடு, கோடைக்கும் மார்கழிக்கும் அது மாறும். உலக நல நிறுவனமும் உணவு, வேளாண்மை அமைப்பும் 2001-இல் வகுத்த வரையறையின்படி, போதிய அளவில் கொடுத்தால் நலம் பயப்பதாகக் காட்டப்பட்ட உயிருள்ள நுண்ணுயிரே புரோபயாடிக். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட நெறிமுறையும் திரிபைக் குறிப்பிடச் சொல்கிறது. அந்தக் கண்டிப்பான பொருளில் வீட்டுத் தயிர் புரோபயாடிக் ஆகாது. நல்ல உணவு என்பதில் மாற்றமில்லை.

அமிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெறும் வயிற்றில் நிறைய மடியும்; சோற்றோடு சேர்ந்து போகும்போது அமிலத்தின் கடுமை தணிவதால் கூடுதலாகத் தப்பும். பேசில்லஸ் வகைகள் வித்து வடிவில் இருப்பதால் அமிலம் அவற்றை ஒன்றும் செய்யாது. தாளித்துக் கொதிக்கவிட்ட மோர்க்குழம்பில் உயிரோடு எதுவும் மிஞ்சாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கூடல்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அட்டையை எடுத்துப் படித்தேன். "லாக்டோபேசில்லஸ் அசிடோபிலஸ்" என்றும் இன்னும் மூன்று பெயர்களும் மொத்த எண்ணிக்கையும் இருக்கின்றனவே தவிர, திரிபின் பெயரோ எண்ணோ எங்கும் இல்லை. நாளை அப்பாவைப் புண் கட்டு மாற்ற அழைத்துப் போகும்போது மருத்துவரிடமே காட்டிவிடுகிறேன். காலணி பற்றி நாடி ஐயா சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், சிரித்தார், மறுக்கவில்லை.

இரண்டு சிறு ஐயங்கள் மிச்சம். வயது ஏற ஏற அந்தப் பேயர் திட்டுகள் என்ன ஆகின்றன? மோர்க்குழம்பில் செத்துக் கிடக்கும் பாக்டீரியாவால் திசுவுக்கு ஒரு பயனும் இல்லையா?

ஆய்வகத்தான் எழுதியது:

பேயர் திட்டுகளின் எண்ணிக்கை பதின்பருவத்தில் இருநூற்றுக்கு மேல் உச்சத்தை எட்டி, பிறகு மெல்லக் குறைந்துகொண்டே போகிறது; எனினும் முதுமையிலும் அவை இருக்கவே செய்கின்றன. ஆகவே தந்தையாரின் திசுவுக்குக் கேட்கும் காது இன்னும் உண்டு. தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் திசுவைப் போல எதைக் கேட்டாலும் அப்படியே வாங்கிக்கொள்ளாது, அவ்வளவுதான். அவருடைய குடலில் ஏற்கெனவே இருப்பவற்றுக்குத் தீனி போடுவது அவர் கையிலேயே இருக்கிறது. கீரை, பயறு, தோலோடு கூடிய பருப்பு ஆகியவற்றின் நார்ச்சத்தே பெருங்குடலில் பியூட்டிரேட்டாக மாறுகிறது. நீரிழிவுக்கும் அது உகந்த உணவு.

செத்த பாக்டீரியா முற்றிலும் வீண் என்று சொல்வதற்கில்லை. நான் முன்பு எழுதிய நெதர்லாந்து ஆய்விலேயே கொன்று கொடுத்த பாக்டீரியாவுக்கும் திசு பதிலளித்தது. அதன் செல்சுவர்த் துணுக்குகளைக் குடற்செல்கள் உணரும். இத்தகைய உயிரற்ற நுண்ணுயிர்த் தயாரிப்புகளுக்குப் போஸ்ட்பயாடிக் என்று பெயரிட்டு, அதற்கான வரையறையையும் துறையினர் 2021-இல் வெளியிட்டார்கள். அதிலும் நலம் பயப்பது காட்டப்பட்டாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. மோர்க்குழம்பை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், சுவைக்காகச் சாப்பிடலாம்.

ஒரு திருத்தமும் சேர்த்துவிடுகிறேன். நானும் தொட்டில் அம்மையாரும் லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்று எழுதியது பழைய பெயர். அந்தப் பேரினத்தை 2020-இல் 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். இப்போது அது லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டாரம். எல்.ஜி.ஜி. திரிபின் இனம் லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ் ஆகிவிட்டது. உங்கள் அட்டையில் உள்ள அசிடோபிலஸுக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்திருக்கிறது.